மூன்று முழம் நாடா

அந்தத் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. துண்டு டைரக்டர் என்றால்தான் தெரியும். அவரைத் தேடி வரும் சினிமாப் படிப்பு மாணவர்கள், முனையில் இருக்கும் சைக்கிள் கடையில் முழுப் பெயரையும் சொல்லி மரியாதையாக வழி கேட்பார்கள். கடைக்காரர் திருதிருவென்று விழிப்பார். பிறகு சட்டென்று முகம் மலர்ந்து, "ஓ, நம்ம துண்டா? மாடியிலதான் இருப்பாரு, போங்க" என்பார்.

பட்டப்பெயருக்குக் காரணம் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன்னால், இருபத்தெட்டு வயதில், அவர் முதல் படம் எடுத்தபோது புதுப் பிலிம் வாங்க வக்கில்லை. பெரிய கம்பெனிகளில் படப்பிடிப்பு முடிந்தால் ஒவ்வொரு சுருளின் கடைசியிலும் ஓடாத பிலிம் கொஞ்சம் மிஞ்சும். அதை வெட்டிக் கறுப்புப் பையில் சுற்றி ஓரமாகப் போட்டுவிடுவார்கள். நம்மவர் கம்பெனியின் பின்வாசலில் தவம் கிடந்து, கேமரா உதவியாளர்களின் கையைக் காலைப் பிடித்து, அந்தத் துண்டுகளை வாங்கி வருவார். ஒன்று ஐம்பது விநாடி ஓடும். ஒன்று ஒன்றரை நிமிஷம். மற்ற டைரக்டர்கள் கதைக்கு வேண்டிய அளவு பிலிம் வாங்குவார்கள். இவர் பிலிம் இருக்கிற அளவுக்குக் கதை எழுதினார். ஐம்பது விநாடித் துண்டு கிடைத்தால் கதாநாயகன் விருட்டென்று வீட்டைவிட்டுப் போவான். ஒன்றரை நிமிஷம் கிடைத்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போவான்.

அப்படித் தொடங்கியவர் இதுவரை ஆறு படம் எடுத்துவிட்டார். ஆறும் கம்பெனிப் பணம் ஒரு பைசா வாங்காமல் எடுத்தவை. கல்யாண வீடியோ எடுத்தார், கல்லூரியில் வாரம் இரண்டு நாள் பாடம் நடத்தினார், ஓட்டிக்கொண்டிருந்த ஸ்கூட்டரை விற்றார். படம் முடிந்தால் தியேட்டர் கிடைக்காது. தொழிற்சங்கக் கூடம், கல்லூரி அரங்கம், இன்றோ நாளையோ மூடப்போகும் தியேட்டரின் காலைக்காட்சி என்று கிடைத்த இடத்தில் போட்டுக் காட்டுவார். நடுவில் ஒருமுறை பெரிய கம்பெனி ஒன்று கூப்பிட்டது. முதலாளி கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கு சார். கடைசியில அவன் சாகாம, ஒரு பாட்டு மட்டும் பாடிட்டா…" என்று இழுத்தார். அங்கே கொடுத்த காபியை நம்மவர் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். காபி ரொம்ப நன்றாக இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் எழுதுகிற விஷயம் ஒன்று உண்டு. கேமரா ஓட ஆரம்பித்துவிட்டால் அவர் வாயைத் திறக்க மாட்டார். "கட்" என்றுகூடச் சொல்ல மாட்டார். கேமராக்காரரின் தோளைத் தொடுவார், அவ்வளவுதான். நடிகன் வசனத்தை மறந்து திணறினாலும், விளக்கு சரிந்து விழுந்தாலும், அவர் பாட்டுக்கு மரம் மாதிரி நிற்பார். மௌனத்தாலேயே இயக்குகிறவர் என்று ஒரு பத்திரிகை நாலு பக்கம் எழுதியது. ஒரு மாணவன் அதையே ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிவிட்டான். அவரும் மறுத்ததில்லை. பாராட்டுகிறவர்களைப் பிடித்து நிறுத்தி, "அப்படியெல்லாம் இல்லைங்க" என்று சொல்லும் அளவுக்கு யாருக்குத்தான் மனசு வரும்?

ஆனால் முதல் படத்தில் அவர் இப்படி இல்லை. முதல் படத்தில் வாய் ஓயாமல் பேசினார்.

அப்போதெல்லாம் அவரிடம் இருந்த கேமரா தையல் மெஷின் மாதிரி கடகடவென்று சத்தம் போடும். அதனால் படப்பிடிப்பின்போது பதிவாகும் ஒலியைப் படத்தில் வைக்க முடியாது. ஒரு சுருள் நாடாவில் அடையாளத்துக்குப் பதிவு செய்துகொண்டு, பிற்பாடு டப்பிங் அறையில் எல்லாக் குரல்களையும் புதிதாகப் பேச வைப்பார்கள். ஆகவே கேமரா ஓடும்போதே டைரக்டர் தாராளமாகக் கத்தலாம். "திரும்பு, இன்னும் மெதுவா, கையை எடு" என்று என்ன சொன்னாலும் படம் பார்க்கிறவர்கள் காதுக்கு வராது.

அந்தப் படத்தின் கதாநாயகி அவருடைய சொந்த அக்கா. அக்காவுக்கு முப்பத்துநாலு வயது, ஏழு வயதில் ஒரே ஒரு பெண். அத்தானுக்கு வேறு ஊரில் வேலை. மாதம் ஒருமுறைதான் வருவார். அக்காவின் வீடுதான் படப்பிடிப்பு நடந்த இடம். நடித்ததும் அக்கா, வந்திருந்த எட்டுப் பேருக்குச் சமைத்துப் போட்டதும் அக்கா. "எனக்கு நடிக்கல்லாம் தெரியாதுடா" என்று முதலில் நழுவப் பார்த்தாள். "நடிக்கவே வேணாம் அக்கா. நீ உன் வேலையைப் பாரு, நான் சொல்றதை மட்டும் கேளு" என்றார் இவர். ஒரே ஒரு சட்டம் போட்டார். கேமரா சத்தம் நிற்கும்வரை, என்ன ஆனாலும், நிறுத்தக்கூடாது. துண்டு பிலிம், ஓடிவிட்டால் போனது போனதுதான்.

அவரிடம் மூன்றரை நிமிஷம் ஓடக்கூடிய ஒரு துண்டு இருந்தது. ஒரு வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். அதைச் சமையலறைக் காட்சிக்கு எடுத்தார். அக்கா பாத்திரம் கழுவி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுப் போக வேண்டும், எழுதியிருந்தது அவ்வளவுதான். இரண்டு நிமிஷம் கழுவினாள். பிறகு ஒரு கையைச் சுவரில் ஊன்றினாள். மெதுவாகச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. கொஞ்சம் கழித்து நிமிர்ந்து கேமராவை நேராகப் பார்த்தாள். உதடு ஒரே ஒரு முறை அசைந்தது. மேலே குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. துண்டு தீரும்வரை, ஒரு நிமிஷத்துக்கும் மேல், அந்தப் பார்வையை அவள் எடுக்கவே இல்லை.

கேமரா நின்றதும் இவர் ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டார். அவள் தண்ணீர் குடித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து எட்டுப் பேருக்கும் சமைத்தாள். ஒன்பதாம் நாள் காலையில், பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பும்போது மாடிப்படியில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் இவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இது முதல் தடவை இல்ல. ஒரு வாரம், பத்து நாளைக்கு முன்னாடியே நெஞ்சு வலி ஒண்ணு வந்திருக்கு. அப்பவே கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா…" டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முப்பது வருஷமாக இவர்தான் அதை முடித்துக்கொண்டிருக்கிறார்.

படம் முடிந்தது. அக்காவுக்கு வேறொரு பெண்மணி டப்பிங் பேசினார். அந்தக் காட்சி வந்தபோது, "இந்த இடத்துல உதடு அசையுதே, என்ன பேசறாங்க சார்?" என்று கேட்டார். "ஒண்ணும் வேணாம்மா, தண்ணிச் சத்தம் மட்டும் போதும்" என்றார் இவர். அந்த ஒலியில்லாத உதடுதான் படத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. எத்தனை ஊரில் எத்தனை பேர் எழுந்து நின்று கேட்டிருப்பார்கள், "அவங்க என்ன சார் சொல்றாங்க?" என்று. இவர் சிரித்துக்கொண்டே மைக்கை அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார். அந்தச் சிரிப்புக்கும் ஒருவர் விளக்கம் எழுதினார்.

ஒரே ஒருத்தியிடம் மட்டும் சிரித்துச் சமாளிக்க முடியவில்லை. அக்கா மகளுக்கு அப்போது பத்து வயது இருக்கும். கல்லூரி அரங்கத்தில் இவர் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்தாள். அந்த இடம் வந்ததும் இவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "அம்மா என்ன மாமா சொல்றாங்க?" என்றாள். இருட்டில் அவள் முகம் அண்ணாந்து பார்த்தது. இவர் வாயில் வந்தது: "உன்னைத்தான் கூப்பிட்டா. குட்டிமான்னு."

அன்றிலிருந்து அவளுக்கு அந்த உதட்டில் தன் பெயர் தெரிய ஆரம்பித்துவிட்டது. மனசில் விழுந்ததைத்தானே கண் பார்க்கும். பள்ளியில், கல்லூரியில், அழுகை வந்தபோதெல்லாம் அந்தப் படத்தின் வீடியோ கேசட்டைப் போட்டு அந்த இடத்தைப் பார்ப்பாள். கொஞ்சம் வளர்ந்த பிறகு வேறொன்று கேட்டாள். "அம்மாவோட சொந்தக் குரல் எதுலயாவது இருக்கா மாமா?" வீட்டில் எந்த ஒலிநாடாவும் இல்லை, படத்தில் இருப்பது வேறொருத்தி குரல். அம்மாவின் முகம் அவளுக்கு நினைவு இருக்கிறது, கை நினைவு இருக்கிறது, குரல் மட்டும் எவ்வளவு முயன்றும் வரவில்லை. "எல்லாம் அழிஞ்சு போச்சு குட்டிமா" என்றார் இவர். முக்கால்வாசி உண்மைதான். நாடா விலை அதிகம் என்பதால் முதல் படத்தின் நாடாக்கள் மேலேயே இரண்டாவது படத்தைப் பதிவு செய்துவிட்டார். அக்கா பேசியதெல்லாம் அந்த இரண்டாவது படத்தில் வரும் ஒரு படகுத்துறை டிக்கெட் கிளார்க்கின் இருமலுக்கு அடியில் போய்விட்டது.

ஒரு சுருளை மட்டும் அழிக்கவில்லை. அழிக்கவும் கை வரவில்லை, கேட்கவும் காது வரவில்லை. அதில் அக்கா குரல் இருந்தது. அதோடு அவர் குரலும் இருந்தது.

அத்தான் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. இவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருக்கென்று இந்த உலகத்தில் இருப்பது அக்கா மகள் ஒருத்திதான். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிற வேலை அவளுக்கு. தன் வீடு, தன் குடும்பம் என்று ஆனபிறகும் ஞாயிறு தவறாமல் வந்துவிடுவாள். "இந்த எழுத்தைப் படிங்க பார்ப்போம்" என்று பாலிதீன் பையில் அச்சடித்திருப்பதைக் காட்டி மாமாவின் கண்ணைச் சோதிப்பாள். இவர் படிக்கத் திணறினால், "இந்தக் கண்ணை வச்சுக்கிட்டா ஃபிரேம் வைக்கிறீங்க?" என்று காலை வாருவாள். வாரத்தில் ஆறு நாளும் அவர் அந்த ஏழாவது நாளுக்காகத்தான் இருந்தார்.

போன மாதம், பழைய படங்களைப் பாதுகாக்கும் அமைப்பு ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. முதல் படத்தைச் சுத்தப்படுத்திப் புதுப் பிரதி எடுக்கப்போகிறார்களாம். நெகட்டிவ், ஒலிநாடா என்று இருப்பதை எல்லாம் அனுப்பச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு மாடி அறையைக் குடைய ஆரம்பித்துவிட்டாள். தகர டப்பாக்கள், துருப்பிடித்த ஸ்டாண்டுகள், பாதி ஆராய்ச்சி முடித்த மாணவர்கள் திருப்பிக் கொடுக்காமல் விட்டதுபோக மிஞ்சிய புத்தகங்கள். அலமாரிக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பா. மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

"மாமா."

"என்ன?"

"காட்சி நாற்பத்தொண்ணு, சமையலறைன்னு எழுதியிருக்கு. உங்க கையெழுத்து."

"அதுல ஒண்ணும் இருக்காது குட்டிமா. மக்கிப் போயிருக்கும்."

"எல்லாமே அழிஞ்சு போச்சுன்னுல்ல சொன்னீங்க?"

"அப்படித்தான் நினைச்சேன்."

அவள் அந்தச் சுருளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தேழு வயதுப் பெண்ணின் முகத்தில் பத்து வயது வந்து நின்றது. "இதுல அம்மா என்னைக் கூப்பிடறது இருக்கும்ல மாமா?"

"டேப் மெஷின் ரிப்பேரா கிடக்கு" என்றார் இவர். "சரி பண்ணி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட்டுக் காட்டறேன்."

மெஷினுக்கு ஒரு கேடும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, நாடாவை மெஷினில் மாட்டினார். முதலில் கேமராவின் கடகடப்பு. பிறகு தண்ணீர். பிறகு, "ஆரம்பிச்சாச்சாடா?" என்று அக்கா. முப்பது வருஷம் கழித்து, பக்கத்து அறையிலிருந்து கேட்பது மாதிரி. பாத்திரம் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம். இரண்டு நிமிஷம் கழித்து அது நின்றது. சுவர்ப் பக்கமிருந்து அக்கா சொன்னாள்: "தம்பி, என்னமோ பண்ணுதுடா. கொஞ்சம் நிறுத்தேன்."

உடனே ஒரு இளைஞன் குரல், மிக அருகில், மூச்சிரைக்க: "அய்யோ அக்கா, நல்லா இருக்கு! நல்லா இருக்கு! எழுந்திருக்காதே. இன்னும் பிலிம் ஓடுது."

"சரிடா" என்றாள் அக்கா.

அவ்வளவுதான். அதற்கப்புறம் துண்டு தீரும்வரை தண்ணீர்தான்.

சொன்ன வார்த்தைகள் அவருக்கு முன்பே தெரியும். முப்பது வருஷமாகக் குழாயை முழுசாகத் திறக்காமல், வாளியில் பிடித்து வைத்த தண்ணீரில்தான் பாத்திரம் கழுவுகிறார். ஓடுகிற தண்ணீரில் அந்தக் குரல் கேட்கும். ஆனால் வார்த்தையை மட்டுமே நினைவில் வைத்திருந்தார், அதன் தொனியை மறந்துபோயிருந்தார். அந்த இளைஞன் எவ்வளவு சந்தோஷமாக இருந்தான்! பரிசு விழுந்தவன் மாதிரி கூவுகிறான். வார்த்தைக்கு ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சந்தோஷத்துக்கு எந்தச் சமாதானமும் கிடைக்காமல் அவர் மத்தியானம்வரை நாற்காலியிலேயே கிடந்தார்.

அழித்துவிடலாமா என்று தோன்றியது. ஆனால் அவள் சுருளைப் பார்த்துவிட்டாள். இருப்பதை அப்படியே கொடுக்கலாமா? கொடுத்தால் அம்மா குரல் அவளுக்குக் கிடைக்கும், அம்மா தன்னைக் கூப்பிட்டாள் என்பது போய்விடும், மாமாவும் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமைகள் இல்லாத ஒரு வாழ்க்கையை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆகவே தன் தொழில் தெரிந்தவன் மட்டுமே செய்யக்கூடிய ஒரு முட்டாள்தனத்தைச் செய்தார்.

புதன்கிழமை டப்பிங் பேசிய பெண்மணியின் வீட்டுக்குப் போனார். அவருக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. குழந்தைகள் படத்துக்குக் குரல் கொடுக்கிறார். "காலையில ஒரு அணில், ரெண்டு வாத்து. வாத்துக்குத்தான் சார் தொண்டை போகுது" என்று சிரித்துக்கொண்டே காபி கொடுத்தார். இவர் பழைய ரெக்கார்டரை மேஜையில் வைத்தார்.

"முதல் படம்தான்மா. அந்தச் சமையலறைக் காட்சி. ஒரே ஒரு வார்த்தை வேணும்."

"அன்னிக்கே கேட்டேனே சார். தண்ணிச் சத்தம் போதும்னீங்க."

"இப்ப வேணும். 'குட்டிமா'ன்னு."

"எப்படிச் சொல்லணும்?"

"உடம்புக்கு முடியல. பிள்ளை பக்கத்துல இல்ல. ஆனா கூப்பிடணும்னு தோணுது."

அந்த அம்மாள் இவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை சொன்னதும் இவர் ரெக்கார்டரை நிறுத்தினார். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னார்: "சார், இது படத்துக்கு இல்லேன்னு தெரியுது. யாருக்கா இருந்தாலும், பார்த்துச் செய்யுங்க."

வியாழக்கிழமை மத்தியானம் சமையலறைக் குழாயை முழுசாகத் திறந்தார். பழைய கேமராவைத் தூசி தட்டி, பிலிம் இல்லாமலே ஓடவிட்டார். அந்தத் தண்ணீரும் கடகடப்பும் பின்னால் கேட்க, அந்த ஒற்றை வார்த்தையைப் புதிதாக நாடாவில் ஏற்றினார். குழாய் ஓடிய பத்து நிமிஷமும் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றார். காதுக்குள்ளேயே கேட்கும் குரலுக்குக் கை என்ன செய்யும்? பிறகு பிளேடை எடுத்தார். அக்கா "தம்பி" என்று தொடங்கும் இடத்திலிருந்து "சரிடா" என்று முடிக்கும் இடம்வரை நாடாவை அளந்து வெட்டினார். மூன்று முழம் வந்தது. அந்த இடத்தில் புதுத் துண்டை வைத்து ஒட்டினார். வெட்டியெடுத்த மூன்று முழத்தையும் குப்பையில் போட எடுத்துப்போனார். போட முடியவில்லை. சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் அந்தச் சட்டையைக் கழற்றாமலேயே குளிக்கப் போய், பாதியில் நினைவு வந்து, பதறி அடித்துக்கொண்டு வெளியே வந்தார். ஆறு படம் எடுத்த மனிதர்!

ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டாள். தலை வாரி, நல்ல உடை உடுத்தி, யாரையோ பார்க்கப் போகிறவள் மாதிரி வந்திருந்தாள். மெஷினுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். இவர் பொத்தானை அழுத்தினார்.

கடகடப்பு. தண்ணீர். "ஆரம்பிச்சாச்சாடா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் பொங்கிவிட்டது. "திரும்பப் போடுங்க மாமா." இவர் திரும்பப் போட்டார். நாலு முறை அதையே கேட்டாள். பிறகு நாடா ஓடியது. பாத்திரச் சத்தம் நின்றது. தண்ணீருக்கு நடுவில், நலிந்து, ஏங்கி, "குட்டிமா" என்று கேட்டது.

இவர் அவள் பக்கமே பார்க்காமல் சுழலும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது அம்மா இல்ல" என்றாள்.

"குட்டிமா…"

"இது அந்த டப்பிங் ஆன்ட்டி." குரல் உயரவில்லை. "வேற யாருக்காவது இதைப் போட்டுக் காட்டியிருந்தா நம்பியிருப்பாங்க மாமா. எனக்கு அம்மா குரலே இல்லையே, இருந்தது இந்த ஆன்ட்டி குரல்தானே. இதைத்தானே நான் சின்ன வயசுலேருந்து அம்மான்னு நினைச்சுக் கேட்டுட்டு இருந்தேன். இது எனக்குத் தெரியாதா?"

ஊரில் யாரை வேண்டுமானாலும் ஏமாற்றக்கூடிய வேலை அது. ஏமாற்றவே முடியாத ஒரே ஆளிடம் கொண்டுபோய் அதைக் கொடுத்திருக்கிறார்.

"இங்க நிஜமா என்ன இருந்துது?"

இவர் சட்டைப் பையில் கைவிட்டு நாடாவை எடுத்தார். கசங்கியிருந்தது. மேஜையில் வைத்துத் தடவித் தடவி நேராக்கினார். போலித் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, இதை அதன் இடத்திலேயே ஒட்டினார். ஒட்டுவதற்குக் கால் மணி நேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் அவள் உதவிக்கு வரவில்லை.

"தம்பி, என்னமோ பண்ணுதுடா. கொஞ்சம் நிறுத்தேன்."

"அய்யோ அக்கா, நல்லா இருக்கு! நல்லா இருக்கு! எழுந்திருக்காதே. இன்னும் பிலிம் ஓடுது."

"சரிடா."

நாடா முடிந்து, சக்கரம் சும்மா சுற்றியது. இவர் நிறுத்தினார்.

"அம்மா நிறுத்தச் சொல்றாங்க."

"ஆமாம்."

"உங்களுக்குத் தெரிஞ்சுதா? நடிப்பு இல்லன்னு?"

எத்தனையோ அரங்கங்களில் எத்தனையோ கேள்விகளுக்குச் சிரித்து நழுவியவர் இந்த ஒன்றுக்குப் பதில் சொன்னார். "தெரிஞ்சுது. ஒரு செகண்டு தெரிஞ்சுது. அப்புறம் மறுபடி ஃபிரேமைப் பார்த்துட்டேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "என்னைக் கூப்பிடவே இல்ல" என்றாள்.

"இல்ல."

"திரும்பப் போடுங்க."

போட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மூன்றாவது முறை, "சரிடா" என்ற இடத்தில், கண்ணைத் திறந்தாள். இன்னொரு முறை அந்த ஒரு வார்த்தையை மட்டும் போடச் சொன்னாள். பிறகு தானே, மெதுவாக, பரீட்சை பண்ணிப் பார்க்கிற மாதிரி, "சரிடா" என்று சொல்லிப் பார்த்தாள். அறைக்குள் அது இரண்டு முறை கேட்டது மாதிரி இருந்தது.

"மாமா. இது என் குரல்."

இவர் பொத்தானிலிருந்து கையை எடுத்தார்.

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"உனக்குப் பதினஞ்சு, பதினாறு வயசு இருக்கும். போன்ல ஹலோன்னு சொன்னே. நான் ரிசீவரை வச்சுட்டேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "என்னைக் கூப்பிட்டாங்கன்னு பொய் சொன்னதுகூடப் போகட்டும். நிறுத்தாம எடுத்தது, அதுகூட… எனக்குத் தெரியல, அதை அப்புறம் நினைக்கறேன். ஆனா இது? அம்மா குரல் எங்கயும் இல்லையேன்னு நான் உங்ககிட்டதானே வந்து வந்து அழுதேன். அந்தக் குரல்லயே அழுதிருக்கேன். உன் குரல்தான்டி அவ குரல்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் தேடவே வேணாமே மாமா. தனியா இருக்கும்போது நானே எனக்குப் பேசிக் காட்டியிருப்பேனே."

சொல்லாமல் விட்டதற்குக் காரணம் அவருக்கே ரொம்ப நன்றாகத் தெரியும். சொல்லியிருந்தால் அவள் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்திருப்பாள், அவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்திருக்கும்.

அவள் சுருளை மெஷினிலிருந்து கழற்றிப் பிஸ்கட் டப்பாவில் வைத்து மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள். எல்லா ஞாயிறும் "போயிட்டு வரேன் மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவாள்.

"போறேன் மாமா" என்றாள், அக்காவின் குரலில்.